மச்சானின் காரும் 16.17 மணியும்

இருபத்தாறு வருடங்களாக டயரி எழுதுகிறேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது.

தமிழ்க் கடைகள் உள்ள ரூ பெர்தொனே தெருவில் அரிசி மூட்டைகளை ஏற்றிவிட்டு மச்சான் (மனைவியின் தம்பி) காரைப் பின்னுக்கு எடுத்தார். "வா மச்சான், வா, இடம் கிடக்கு" என்று கை காட்டியவன் நான். இடம் கிடந்தது. என் முழங்காலும் அதிலேயே இருந்தது.

ஆஸ்பத்திரிச் செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்றது. பிறகு ஒரு படிவம் வந்தது: இந்த விபத்துக்கு வேறு யாராவது காரணமா?

"என்ரை தம்பியை மாட்டிப் போடாதேங்கோ," என்றாள் மனைவி. "அவன் கார் ஓடுற பெர்மி எடுத்தே ஆறு மாசம். பறிச்சுப் போடுவாங்கள்!"

'இல்லை, தானாக வழுக்கி விழுந்தேன்' என்று எழுதினேன். ஆதாரம் இருந்தால் இணைக்கலாம் என்றிருந்தது. இணைப்பு இல்லாமல் ஒரு தாளை அனுப்ப எனக்குக் கை வராது. விபத்து நாளின் டயரிப் பக்கத்தைப் படியெடுத்து, 16.17 என்ற நேரத்தின் கீழ் கோடிட்டு அனுப்பினேன். (தமிழில்தானே இருக்கிறது, யார் வாசிக்கப் போகிறார்கள்!)

மூன்று கிழமையில் மருத்துவக் காப்புறுதி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம்பெண் பிரெஞ்சில் வணக்கம் சொன்னாள். பிறகு என் பக்கத்தை எடுத்துத் தமிழில், நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"'16.17. மச்சான் காரால் என் முழங்காலை இடித்தார். பின்குறிப்பு: படிவம் வந்தது. வழுக்கி விழுந்ததாக எழுதத் தீர்மானம்.'"

நாற்காலிக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன்.

"பிள்ளை... தமிழோ?"

"ஓம் அங்கிள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடம், பன்னிரண்டு வருசம். உங்கடை எழுத்து நல்ல வடிவு."

அருகில் இன்னொரு தாளை வைத்தாள். மச்சானின் கார் காப்புறுதி அனுப்பியது. விபத்தன்றே அவர் அறிவித்திருக்கிறார்: 'பிழை என்னுடையது. அத்தானில் ஒரு பிழையும் இல்லை.' எங்களிடம் ஒரு மூச்சுக்கூட விடவில்லை.

"நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கட்டினதை அவையிட்டை வாங்குவம். அதுக்குத்தானே காருக்கு இன்சூரன்ஸ்? இதாலை பெர்மி போகாது. நீங்கள் பொய் எழுதினாத்தான் கரைச்சல்," என்று புதுப் படிவம் தந்தாள்.

படிவத்தை வாங்கிக்கொண்டேன். இரண்டு அலுவலகங்கள், ஒரு மச்சான், எல்லோரும் எனக்குத் தெரியாமல் என் முழங்காலுக்காக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! பொய் எழுதியது நான் ஒருவன்தான். அன்று வாழ்க்கையில் முதன்முறையாகப் படிவத்தின் கட்டங்களுக்கு வெளியேயும் போய் நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

இப்போதும் காரைப் பின்னுக்கு எடுக்குமுன் மச்சான் கண்ணாடியை இறக்குவார். "அத்தான், நேரத்தைக் குறிச்சிட்டியளோ?"

மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் ஏற்கெனவே குறித்திருப்பேன்.