தோல் மண்டி டெலிபோன் போர்டில் சிவப்பு விளக்கு

திருச்சி,
3-8-1984

மரியாதைக்குரிய மச்சான் அற்புதசாமி அவர்களுக்கு, மாப்பிள்ளை இருதயநாதன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை லூர்துராணியும் பிள்ளைகளும் மாதா தயவில் சுகம். நான் சுகமில்லை. நீங்கள் சென்னையில் டெலிபோன் இலாகாவில் இருப்பதால், உங்களை விட்டால் எனக்கு நாதியில்லை.

எங்கள் தோல் மண்டியில் முதலாளி ஹனீஃபா பாய் புது டெலிபோன் போர்டு வைத்து, எல்லா ரூமுக்கும் லைன் கொடுத்து, என்னை ஆபரேட்டராக உட்கார வைத்திருக்கிறார். அதில் அலாரம் என்று ஒன்று. கோளாறு வந்தால் சிவப்பு விளக்கு எரியும், மணி கத்தும், உடனே முதலாளியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்பது உத்தரவு. எனக்கு முன்னால் இருந்த ரசூல் அப்படித்தான் ஓடிப்போய்ச் சொன்னான். வியாபாரிங்க முன்னாடி மானம் போச்சுன்னு முதலாளி அவனை அன்னிக்கே கிடங்குக்குத் தள்ளிட்டார், இப்ப தோலுக்கு உப்புத் தடவிக்கிட்டு இருக்கான். என் மூச்சிழுப்பு உங்களுக்குத் தெரியும் மச்சான், அந்த நாத்தத்துல ஒரு வாரம் தாங்க மாட்டேன்.

நேத்து அந்த விளக்கு எரிஞ்சிடுச்சு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மெக்கானிக்கைத் தேடி ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறிப் போனா, ஆடிப்பெருக்குன்னு குடும்பத்தோட முக்கொம்பு போயிட்டாராம். இன்னிக்குக் காலைல வந்தா இன்னும் எரியுது, மணியும் கத்துது. இன்னிக்குத்தான் பம்பாயிலேர்ந்து டிரங்க் கால் வரணும், மத்தியானத்துக்குள்ள பேசி முடிக்கலைன்னா சரக்கு மொத்தமும் கிடங்குலயே கிடக்கும். சொல்லிடலாம்னு முதலாளி ரூம் வாசல்ல போய் நின்னேன். "என்னய்யா?"ன்னார். என் வாய் என்னைக் கேக்காமலே, டீ சொல்லட்டுங்களான்னுடுச்சு. மறுபடி போனேன், மறுபடி டீ. மூணாவது தடவை அவரே, "உனக்கு என்னதான்யா வேணும்?"னு கேட்டார். சர்க்கரை போதுமான்னு கேக்க வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். இப்ப மணி மேல கோணியைப் போட்டு மூடி, அதும் மேல டிபன் கேரியரை வச்சிருக்கேன். உள்ளே முனகுது.

கடிதம் கண்டதும் லீவு போட்டு ரயிலேறி வரவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உங்கள் அனைவரையும் காக்கட்டும், நேரம் மிச்சமிருந்தால் என்னையும்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை,
இருதயநாதன்

பி.கு.: மச்சான், வர வேண்டாம். கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மணியின் முனகல் தேய்ந்து தேய்ந்து நின்றே போனது. சிவப்பு விளக்கும் அணைந்துவிட்டது. மாதா கண் திறந்துவிட்டாள். முதலாளியிடம் போய், போர்டு நல்லா இருக்குங்க என்று முதல் தடவையாகத் தைரியமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அதிலிருந்து எந்த ரூமிலும் ஒரு போன்கூட அடிக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்தும் பார்த்தேன், கர்ரென்ற சத்தம்கூட இல்லை, அப்படி ஒரு அமைதி. முதலாளி இன்னும் பம்பாய்க்காரர் கூப்பிடுவாரென்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.