ஐந்நூறு அடி

"கட்டைய வாங்கினா அதைப் பழக்கணுமா? இன்னா, வண்டி மாடா அது?" என்று குணசுந்தரியை அவள் அப்பா காத்தவராயன் ஒருமுறை கேட்டார்.

பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையின் மகளிர் சாஃப்ட்பால் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எடுபட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஸ்டோரில் வேலை. எடுபடாவிட்டால் பங்காரப்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை. ஜாதகத்தை ஏற்கெனவே வாங்கிப் போயிருந்தார்கள்.

பேட் அவளுடைய மாமா மகன் உதய் பெங்களூரிலிருந்து கொண்டுவந்தது. மரமில்லை, அலுமினியமும் இல்லை. கார்பன் இழையைப் பசையில் தோய்த்துச் சுற்றிய கறுப்புக் கம்பாசிட் பேட், மேலே வெள்ளை எழுத்து. யாரோ ஓர் அமெரிக்காக்காரர் பத்து வருஷத்துக்கு முன்பு வாங்கி, அடிக்காமலே வைத்திருந்தாராம். கூடவே ஒரு தாளும் வந்தது. புது பேட் விறைப்பாக இருக்கும். ஐந்நூறு பந்து அடித்துப் பழக்கினால்தான் இழை தளர்ந்து பந்து பறக்கும். ஒவ்வோர் அடிக்கும் பேட்டைக் கால் சுற்று திருப்ப வேண்டும். குளிரில் அடிக்கக் கூடாது. உள்ளே நொறுநொறுவென்று சத்தம் வந்தால் பயப்படக் கூடாது.

மாரிகுப்பத்தில் அப்போது ஜனவரி. காலை ஒன்பது மணிவரை வாயிலிருந்து புகை வரும்.

திங்கட்கிழமை வெயில் ஏறியதும் தங்கச் சுரங்க மண் கொட்டிய மேட்டைப் பார்த்து அடித்தாள். மூன்று பந்தில் இரண்டு மண்ணுக்குள் போய் மறைந்தன. மிஞ்சிய ஒன்றைப் பழைய சாக்ஸில் போட்டுத் துணி காயும் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள். பதினோராவது அடியில் கம்பி அறுந்து, பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவின் மூன்று புடவைகள் சாக்கடையில் விழுந்தன.

பார்வதம்மா ஒரு மணி நேரம் திட்டினாள். பிறகு, இந்தப் பெண் தனியாக இருந்தால் சுரங்கக் குடியிருப்பின் லைன் வீடுகளே மிஞ்சாது என்று தானே பந்து போட வந்தாள். வந்தவளுக்கு அது பிடித்துப்போனது. கணக்கிலும் அவள் கறார். நூற்றுப் பதினெட்டு என்று குணசுந்தரி சொன்னால், நூற்றுப் பதினாறுதான் என்பாள்.

நூற்று நாற்பதில் பேட் நொறுநொறுத்தது. குணசுந்தரிக்குச் சந்தோஷம். வாசலில் உட்கார்ந்திருந்த காத்தவராயனின் முகம் மாறியது.

அவர் சுரங்கத்தில் பாறை சரியாமல் முப்பது வருஷம் முட்டுக்கட்டை வைத்தவர். தலைக்குமேல் இருக்கும் பாறையை இரும்புத் தடியால் தட்டி, காதால் கேட்டு, நிற்கலாமா ஓடலாமா என்று சொல்வது அவர் வேலை.

"பேசுற பாறைக்குக் கீழ நிக்கக் கூடாது. ஒருவாட்டி கீழ எங்க லெவல்ல பேசிச்சு. நாங்க மேல வர கேஜ்ல ஏறினோம், அது எறங்கிச்சு."

"அது பாறைப்பா. இது பேட். தாள்லயே போட்டிருக்கு."

"தாள் எழுதினவன் எத்தினி லெவல் எறங்கியிருக்கான்?"

செவ்வாய்க்கிழமை அவள் தையல் வகுப்பிலிருந்து திரும்பியபோது பேட்டைக் காணவில்லை. பக்கத்துக் கோரமண்டலில் இருக்கும், சுரங்கத்தில் தனக்கு மேலாளாக இருந்த பழைய ஷிஃப்ட் பாஸிடம் தட்டிப் பார்க்கக் கொடுத்திருப்பதாக அப்பா சொன்னார். அவள் சாப்பிடாமல் படுத்தாள். புதன்கிழமை சாயங்காலம் பேட்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பயம் ஒண்ணும் இல்லியாம். அடி."

வியாழக்கிழமை நொறுநொறுப்பு நின்றிருந்தது. இழை நன்றாகத் தளர்ந்துவிட்டது என்று குணசுந்தரி மகிழ்ந்தாள். ஷிஃப்ட் பாஸ் தன் பங்குக்கு நூறு இருநூறு அடித்திருப்பார். பேட்டின் வெள்ளை எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கண் கெட்டுவிட்டதென்று நினைத்துக்கொண்டாள்.

கை வலித்தது. பேட் கனமாகிவிட்டதே என்று அப்பாவைக் கேட்டாள். பனியில் ஈரம் பிடித்திருக்கும் என்றார். ஈரம் காய வெந்நீர் அடுப்போரம் வைத்தாள். கறுப்புச் சாயம் இளகிக் கையில் ஒட்டியது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தாள். சாயம் இன்னும் பரவி, பார்வதம்மாவின் நான்காவது புடவைக்கும் போனது. சாயத்தை மறைக்கப் பாதி பேட்டுக்கு டேப் சுற்றினாள். கனம் இன்னும் கூடியது. கனம் கூடக் கூட அவள் இன்னும் வேகமாக வீச வேண்டியிருந்தது.

கம்பாசிட் பழகப் பழக கனம் ஏறும்போல என்று பார்வதம்மாவிடம் விளக்கினாள். பெண்பிள்ளை மாதிரி என்றாள் பார்வதம்மா.

சனிக்கிழமை ஐந்நூறு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவளுக்கு ஆறு பந்து போட்டார்கள். நான்கு எல்லையைத் தாண்டின. அதில் ஒன்று சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு வரிசையையே சாய்த்தது. பயிற்சியாளர் ஜெயகரன் தாளில் அவள் பெயரை முதலில் எழுதிவிட்டு, இந்த அடி எப்படி வந்தது என்று கேட்டார்.

வெளியாட்களிடம் வாய் திறக்காத குணசுந்தரி அன்றைக்குத் திறந்தாள். இழை, பசை, கால் சுற்று, குளிர், சத்தம் நிற்பது, கனம் ஏறுவது என்று ஒன்று விடாமல் சொன்னாள். தொழிற்சாலை இனிமேல் இதைத்தான் வாங்க வேண்டும் என்றும் சொன்னாள். ஜெயகரன் தலையாட்டிக்கொண்டே அவள் பெயருக்குக் கீழே, வாங்க வேண்டியது 'கம்பாசிட் ஆறு' என்று எழுதினார்.

"மரக்கட்டையில இந்த அடி ஜென்மத்துக்கும் வராது சார்" என்றாள்.

காத்தவராயன் பக்கத்தில் அதுவரை பொறுமையாக நின்றிருந்தவர் அடுத்த லைன் நாகேஷ். தொழிற்சாலையில் வார்ப்புக்கு மர அச்சு செய்யும் தச்சர்.

"இன்னாமா வராது? உங்கப்பா இரும்புத் தடியால தட்டிப் பாத்த அன்னிக்கே உன் கம்பாசிட்டு ரெண்டாப் போயிருச்சு. இது எம் பொண்ணு கட்டிலுக்கு வெச்சிருந்த தேக்கு."

ஜெயகரன் 'கம்பாசிட் ஆறு' என்பதை மட்டும் கோடு போட்டு அடித்தார். குணசுந்தரி திரும்பிப் பார்த்தாள். காத்தவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.