நம் நாட்டுக்கு எதிரே ஒரு காலிக் கட்டம்

அட்டவணையில் முப்பத்தோரு நாடுகள். ஓர் ஆள் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறார் என்று முப்பது நாடுகளுக்கு எதிரே எண் இருந்தது. சொந்த நாட்டுக்கு எதிரே மட்டும் கட்டம் காலி.

நீர்வளத் துறையில் மூன்று வருடமாகத் தற்காலிகமாகவே காலம் தள்ளும் புள்ளிவிவரக்காரி மடிக்கணினியோடு இயக்குநரின் அறைக்கு ஓடினாள்.

"சார், நம்ம இந்த வருஷக் கணக்கு எங்கேயும் இல்ல. அளக்குற பிரிவுல கேட்டா, மீட்டர் துருப்பிடிச்சு ஒம்போது வருஷமாச்சுன்னு சொல்றாங்க."

"அதுக்கு ஏம்மா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? பக்கத்து நாட்டுக்காரன் போன வருஷம் எவ்வளவு போட்டான்?"

"நூத்தி முப்பது. இந்த வருஷத்துக்கும் இப்போதைக்கு அதையேதான் போட்டு வச்சிருக்காங்க."

"நமக்கு நூத்தி நாப்பது போடு. அவனைவிடக் குறைஞ்சா மானம் போயிடும். மூணு மணிக்கு அவங்க குழு வருது. யாராச்சும் ஒரு கேள்வி கேட்டாங்கன்னா, உன்னோட நிரந்தர வேலை ஆர்டர்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

போட்டாள். எட்டிப் பார்த்த துணை இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இவ்வளவு தாராளமாக் குளிக்கிறவங்களுக்கு வறட்சி நிதி எவன் தருவான்? எழுபது போடும்மா."

எழுபதாக்கினாள். உடனே கணினி ஆறும் ஏரியுமாகத் தண்ணீரை மலைபோல மிச்சம் காட்டியது. இயக்குநர் அலறினார்.

"மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சா பக்கத்து நாட்டுக்காரன் ஆத்துல பங்கு கேப்பானே! இருக்கிற தண்ணியக் குறை!"

குறைத்தாள். ஒரே நொடியில் பதினோரு ஏரிகள் வற்றின. எந்தக் கோடையும் இத்தனை சுறுசுறுப்பாக வேலை பார்த்ததில்லை.

"சார், இப்ப இருக்கிற தண்ணியவிடக் குடிக்கிற தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு."

"குடிக்கிற ஆளைக் குறை!"

ஒரு பட்டனைத் தட்டிப் பன்னிரண்டு லட்சம் பேரை அனுப்பி வைத்தாள். யாரும் அழவில்லை. துறைக்கு அவர்கள் என்றைக்குமே எண்கள்தானே.

துணை இயக்குநர் மட்டும் பதறிப்போய் வந்தார். "ஆள் குறைஞ்சா நிதியும் குறையுமே! செத்தவங்க எல்லாரையும் திருப்பிக் கொண்டாம்மா!"

மணி இரண்டு ஐம்பத்தைந்து. செத்தவர்களை எழுப்பி, ஏரிகளை நிரப்பி, பழையபடி நூற்று நாற்பது என்றே அடித்து முடித்தாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும் குழாயில் அன்று அவள் வீட்டுக்குக் கிடைத்தது நான்கு குடம். அதில்தான் அம்மா, தம்பி, அவள் மூவருக்கும் எல்லாம். அட்டவணைப்படி அவள் பெரிய ஊதாரி.

குழு வந்து அமர்ந்தது. இயக்குநர் நாட்டின் நீர்வளம் பற்றி அருவியாகக் கொட்டினார். பக்கத்து நாட்டுப் புள்ளிவிவரக்காரி, இவள் வயதுதான் இருக்கும், அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து அந்தக் கட்டத்தில் நிறுத்தினாள். கையைத் தூக்கினாள்.

"ஒரு கேள்வி கேக்கலாமா?"

இயக்குநர் இவளை முறைத்த முறைப்பில் மூன்று வருட உழைப்பும் கரைந்து போனது.

"வருஷா வருஷம் முன்னாடியே அனுப்பிடுவீங்களே, இந்தத் தடவை ஏங்க இவ்வளவு லேட்டு? உங்களதைப் பார்த்துத்தானே எங்க நாட்டு நம்பரை நாங்க எழுதணும்!"