பிழைத் தொரையும் அடிக்காத போனும்

தன்னைக் குறை சொன்னால் சந்தோஷப்படுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் பிறந்திருக்கிறார். அவர் ஜெர்மனியில் பிறந்து, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே என் கடைக்கு மேல் அறையில் இரண்டு வருஷம் குடியிருந்தார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய பாஸ்போட்டில் இருந்தது. அதைச் சரியாகச் சொல்லக்கூடிய வாய் எங்கள் பஸாரில் கிடையாது. சிங்களக் கடைக்காரர்களுக்கு அவர் சுது மாத்தயா, அதாவது வெள்ளை ஐயா. எங்களுக்கும் தோட்டத்துச் சனங்களுக்கும் பிழைத் தொரை.

என்னுடையது போட்டோக் கொப்பியும் போன் ரிப்பேரும் சேர்ந்த கடை. முதல் நாள் ஒரு தாளைக் கொப்பி எடுக்க வந்தார். மெஷின் வழக்கம்போல நடுவில் ஒரு கறுப்புக் கோடு போட்டுக் கொடுத்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி நீட்டினேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"அண்ணே, இதுல ஒரு பிழை இருக்கு. மிச்சம் சந்தோஷம்!"

சொல்லிவிட்டு, என்னைக் கேட்காமலே மெஷினைக் கழற்றினார். இரண்டு மணி நேரம் கழித்துக் கோடு போய்விட்டது. போகிற போக்கில் மெஷினில் மீதமிருந்த பதினேழு குறைகளையும் அழகாக எழுதிக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். வந்தவர்களெல்லாம் அதை நின்று வாசித்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்க் கொப்பி எடுத்தார்கள்.

அவருடைய தொழில் என்னவென்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. தன் ஊரில் பெரிய கம்பனியில் கம்பியூட்டர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு எழுதியதையெல்லாம் யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்துவிட்டார். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே நாடு நாடாகப் போனார். குழம்பையும் கொடுத்து, குழம்பு வைக்கிற விதத்தையும் எழுதிக்கொடுத்து, புளி கூடினால் நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற மாதிரியான தொழில்.

"சும்மாவா குடுக்குறாரு?" என்று என் மனைவி கேட்டாள்.

"சும்மாதான்."

"அப்ப அந்தக் கம்பனிக்காரன் இவர நல்லா ஏமாத்தியிருக்கான். அதான் இப்பிடி ஆயிட்டாரு, பாவம்."

அந்த இரக்கத்தில் அடுத்த நாள் தோசை சுட்டு மேலே அனுப்பினாள். சாயங்காலம் அவர் இறங்கி வந்தபோது, எப்படி இருந்தது என்று ஒரு மரியாதைக்குக் கேட்டும் வைத்தாள். அவர் தன் குறிப்புக் கொப்பியைத் திறந்தார்.

"உப்பு கொஞ்சம் குறைவுங்க. ஒரு பக்கம் தடிப்பு. ரெண்டாவது தோசையில ஒரு ஓட்டை. நாளைக்குத் திருத்தலாம்."

அவள் மூன்று நாள் பேசவில்லை. அவரோடு அல்ல, என்னோடு.

எம்பிலிப்பிட்டிய பஸ்ஸில் போனால் இறங்கும்போது டிரைவர் கையில் பிரேக் சத்தத்தைப் பற்றி ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். "மேயாட பிஸ்ஸுத?" என்று டிரைவர் என்னைப் பார்த்துக் கேட்பான். பைத்தியமா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

அவர் கஹவத்தைக்கு வந்த காரியம் மழை. எங்கள் பக்கத்து மழையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலைச்சரிவில் தோட்டத்துச் சனங்களின் வரிசை வீடுகளான லயம், லயத்துக்குப் பின்னால் மண் திட்டு. பெரிய மழை பெய்தால் எந்த நேரத்தில் வீட்டை விட்டு ஓடுவது என்பதுதான் கேள்வி. அவர் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு மழைமானியை நட்டார். கொழுந்து பறிக்கிற ராஜேஸ்வரியிடம் ஒரு போனைக் கொடுத்தார். காலையிலும் மாலையிலும் அளவைப் பார்த்து அவள் போனில் போட வேண்டும். மழை அளவு மிஞ்சினால், லயத்தில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனையும் அலறும். எல்லோரும் கோயிலுக்குப் போய்விட வேண்டும். கோயில் பாறைமேல் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தோட்டத்து மண்டபத்தில் வகுப்பு. புரோகிராமைத் திறந்து காட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுப்பார். கடைசியில் கையைத் தேய்த்துக்கொண்டு ஆசையாகக் கேட்பார்.

"சரி, என்ன பிழை இருக்கு? சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லீங்க தொரை. எல்லாம் நல்லா இருக்குங்க!" என்று மண்டபமே ஒரே குரலில் சொல்லும்.

தோட்டத்தில் தொரையின் முகத்துக்கு நேரே தப்பு என்று யாரும் சொல்வதில்லை. முன்பு சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தத் தொரை வேறு நல்ல மனுஷன், அவர் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும்? தொழிற்சங்கத் தலைவர் முத்தையா இதை ஒரு சட்டமாகவே வைத்திருந்தார்.

பிழைத் தொரை வாடிப்போனார். "அண்ணே, ஆறு மாசம். ஒரு பிழைகூட வரல்ல. அப்ப யாரும் இதைப் பாவிக்கல்ல. மழை முடிய நான் போறேன்." பிழை இல்லை என்று அழுகிறவனுக்கு எந்த நாட்டு ஆறுதலைச் சொல்வது?

அப்புறம் அந்த மழை வந்தது. ஒரு நாள் மத்தியானம் பிடித்து, அடுத்த நாள் விடிந்தும் விடவில்லை. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பிரட்டுக்குப் போகிற நேரத்தில் மேல் டிவிஷன் முழுக்கக் கோயிலுக்குள் போய் நின்றது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, லயத்துக்குப் பின்னால் திட்டு இறங்கியது. மூன்று குசினிகளும் ஒரு கோழிக்கூடும் தலைவர் புதிதாகக் கட்டிய கக்கூஸும் போயின. ஒரு ஆளுக்கும் கீறல் இல்லை.

மழை விட்டதும் தொரை தோட்டத்துக்கு ஓடினார். "போன் அடிச்சதா?"

தலைவர் முந்திக்கொண்டார். "அடிச்சிச்சிங்க தொரை! சும்மா காது கிழிய அடிச்சிச்சிங்க!"

தொரை அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே முடிவு செய்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை கரவனெல்லப் பக்கத்து றப்பர் தோட்டங்களுக்கு இதே புரோகிராம். பிறகு வேறு நாடுகளுக்கு. மேலே அவர் சீழ்க்கை அடிப்பது கடைவரைக்கும் கேட்டது.

சனிக்கிழமை காலை ராஜேஸ்வரி என் கடைக்கு வந்தாள். பஸ்ஸில் நனைந்து, போனைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"அண்ணே, போன் அடிக்கலண்ணே."

"என்னது?"

"அன்னைக்கி ஒரு போனும் அடிக்கல. லயத்துக்குப் பின்னால ஓடுற கான்ல மண்ணு கரைஞ்சி தண்ணி செவப்பா ஓடிச்சி. நாந்தான் தகரத்தத் தட்டி எல்லாரையும் கெளப்புனேன்."

விஷயம் இதுதான். இரவு பன்னிரண்டு மணியானதும் அந்தப் புரோகிராம் நேற்றைய மழையைத் தள்ளிவிட்டுப் பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். மாலை மழை ஒரு நாள், விடியற்கால மழை வேறொரு நாள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சாதுவான மழை.

"மலைக்குள்ள எறங்குற தண்ணி தேதி பாத்தாண்ணே எறங்குது?" என்றாள். முதல் மாதமே அவளுக்கு இது தெரிந்திருக்கிறது. கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் இரண்டு நாளையும் சேர்த்துத் தனியாக எழுதி வந்திருக்கிறாள். தொரைக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று லயமே சேர்ந்து மறைத்திருக்கிறது.

"இப்ப ஏன் சொல்ற?"

"கரவனெல்லையிலதாண்ணே என் தங்கச்சியக் கட்டிக் குடுத்திருக்கு. ரெண்டு புள்ளைங்க. அவளுக்கு செவத்துல எழுதத் தெரியாது. போன நம்பிப் படுத்துக்குவா." போனை என் பக்கம் நீட்டினாள். "நீங்க தொரைகிட்ட சொல்லிருங்கண்ணே."

நான் கோழை. அந்தச் சீழ்க்கையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. "கண்டது நீ. நீயே சொல்லு, நான் கூட வர்றேன்" என்றேன்.

பதினான்கு படிகள். அவள் செருப்பைக் கீழேயே கழற்றினாள். நான்கு தடவை நின்றாள். தொரை கதவைத் திறந்து, "வாங்க, வாங்க" என்றார்.

"தொரை மன்னிக்கணும். ஒங்க போனு ரொம்ப நல்ல போனுங்க." நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு ஒரே மூச்சில், "ஆனா அது பிழைங்க. அன்னைக்கி அது அடிக்கலீங்க. நாங்க பொய் சொன்னோங்க."

அவர் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆக்கள் செத்திருப்பாங்க" என்றார்.

"சாகலீங்களே. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

அவர் தன் மேசைக்கு முன்னால் இருந்த ஒரே நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். "உக்காருங்க. காட்டுங்க." தொரை நிற்க அவள் எப்படி உட்காருவாள்? அதற்கே பத்து நிமிஷம் போனது. கடைசியில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, விரல் மடக்கி எண்ணிக் காட்டினாள். அவர் பின்னால் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டார். அன்று மாலைக்குள் திருத்தியாகிவிட்டது. திருத்திய இடத்துக்கு மேல், பிழையைக் கண்டுபிடித்தவர் ராஜேஸ்வரி, கஹவத்தை என்று எழுதினார். அந்தப் புரோகிராமை எந்த நாட்டில் திறந்தாலும் அது இருக்கும். அவள் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

அடுத்த ஞாயிறு வகுப்பில் அணை உடைந்தது. எழுத்து சின்னதாக இருக்கிறது, சத்தம் போதாது, போட்ட எண்ணை மாற்ற முடியவில்லை. அது முடிந்ததும் தலைவர் எழுந்தார்.

"தொரை, நீங்க சோறு பெசையிறதும் பிழைங்க. அப்பறம் நீங்க போடுற அந்தத் தொப்பி. அது ஒங்களுக்கு எடுக்கவே இல்லீங்க."

பிழைத் தொரை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சந்தோஷத்தில் கண் கலங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். விசா முடிந்ததும் இரண்டு பைகளோடு பஸ் ஏறிப் போனார்.

போன மாதம் ஒரு காலை. ராஜேஸ்வரி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அண்ணே! தங்கச்சி பேசுனா. விடியக்காலையில போன் அடிச்சிச்சாம். எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டாங்களாம். அவ லயத்துல பாதி போயிருச்சாம். புள்ளைங்க நல்லா இருக்காங்கண்ணே!"

நான் கடையை அப்படியே போட்டுவிட்டு, அவரிடம் சொல்ல இரண்டிரண்டு படியாக மேலே ஓடினேன். பாதி வழியில்தான் அவர் போய் எட்டு மாதம் ஆகிறது என்று ஞாபகம் வந்தது. திரும்பி இறங்க மனமில்லை. மீதிப் படிகளையும் ஏறி, பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று, "தொரை, போன் அடிச்சிச்சிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.