சுக்குக் கிடங்கு மாடியில் லைன் கார்டுப் பரணி

வாழ்க அபிராம்! மட்டாஞ்சேரித் தொலைபேசி நிலையத்து மாடியறையின் மன்னவன். மூன்று ஸ்க்ரூடிரைவர்களுக்குத் தனி உரிமையாளன். பனி பொழியும் தேசங்களின் தடித்த நாவல்களைத் தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்து வாசித்து, கொச்சியின் புழுக்கத்திலும் கம்பளிக் கோட்டு அணிந்தவனைப்போல் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இளங்காளை! அவனைச் சிங்கம் என்று பாடத்தான் ஆசை. ஆனால் சுக்குத் தூள் பட்டால் சிங்கம் இப்படித் தும்முமா என்று தெரியாததால், அந்த உவமையை ஒத்திவைக்கிறோம்.

ஏனெனில் அறைக்குக் கீழே சுக்குக் கிடங்கு. அறைக்குள்ளே, சுவரோரம், அவன் காக்கும் கோட்டை: சேஸிஸ் என்னும் இரும்புக் கூடு. அலமாரியில் நாவல்கள் நிற்பதுபோல் அதனுள் தோளோடு தோள் உரசி நிற்பவை லைன் கார்டுகள். ஒவ்வொன்றும் ஒரு தெருவின் வீடுகளுக்குச் செம்புக் கம்பி வழியே இணையம் வழங்கும் வள்ளல். நடுவே, அனைவருக்கும் ஆணையிடும் கன்ட்ரோல் கார்டு. பேச்சையும் இணையத்தையும் பாலும் நீருமாகப் பிரிக்கும் அன்னம்போல ஸ்ப்ளிட்டர். அனைவரையும் பின்னிருந்து இணைத்துத் தாங்கும் முதுகுப்பலகை. அடித்தட்டில், எந்தப் புலவனிடமும் பாடல் பெறாத விசிறிகள்.

பிற்பகல் மூன்றரைக்குப் போர்முரசு ஒலித்தது. அதாவது போன் அடித்தது.

“டேய் அபி, நெட்டு போயிடுத்துடா!” என்றாள் ஜெயலக்ஷ்மி. இரண்டு தெரு தள்ளியிருப்பவள், சிறுவயது முதல் அவனுக்கு அக்கா முறை, ஒரு வருஷமாக வேலை தேடிக் களைத்தவள். “நாலு மணிக்கு வீடியோவில எனக்கு இன்டர்வியூ ஆக்கும். மொபைல்னா மொட்டை மாடியிலதான் ஒரு கட்டை சிக்னல் வரும். இந்த வெயில்ல அங்க நின்னுண்டு என்னன்னு பேசறது?”

“பயப்படாதே அக்கா. நான் இருக்கேனோல்லியோ.”

“அதாண்டா பயமா இருக்கு.”

வீரன் கோட்டையை நோக்கினான். அவள் தெருவுக்குரிய கார்டின் நெற்றியில் சிவப்பு விளக்கு. நாவல்களில் துரோகிகள் இப்படித்தான் கண் சிவந்து நிற்பார்கள் என்பதை அறிந்த அபிராம், வலக்கரத்தை உயர்த்தி முழங்கினான்: “ஒரு தெருவின் மூச்சை நிறுத்திய செங்கண்ணா! உன்னை வேரோடு பெயர்த்து, உன் இடத்தில் புதியவனை முடிசூட்டுகிறேன்!”

“எந்தா மோனே, மேல ஆரோட சண்டை?” என்று கிடங்கிலிருந்து குரல் வந்தது. சுமை தூக்கும் சேவியர் சேட்டன். அதற்குள் அபிராம், வாளை உருவுவதுபோல் ஸ்க்ரூடிரைவரை உருவியிருந்தான்.

பழைய கார்டு வெளியே வந்தது. உபரியாக இருந்த புதிய கார்டோ பாதி வழியில் நின்றது. அதைப் பூட்டும் மேல்கொக்கியை அழுத்தினால் கீழ்க்கொக்கி எழுந்தது. கீழ்க்கொக்கியை அழுத்தினால் மேல்கொக்கி எழுந்தது. கணவாயில் சிக்கிய தேர்ப்படையைப் பின்னின்று தள்ளும் யானைபோலவும், அந்த யானையைத் தள்ளும் பாகனைப்போலவும், பாகனே வழி தவறியவன் என்பதை அறியாத அரசனைப்போலவும் அவன் தள்ளினான், தளர்ந்தான், மீண்டும் தள்ளினான். முடிவில் இரு கைகளால் இரு கொக்கிகளையும் நெற்றியால் நடுவையும் ஒருசேர அழுத்த, ‘டக்’ என்ற ஓசையுடன் கார்டு அமர்ந்தது. பச்சை ஒளிர்ந்தது. நெற்றியில் விழுப்புண் பதிந்தது. வெற்றி!

வெற்றி, நாவலில் விட்ட பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. பச்சை சிவந்தது. பக்கத்துக் கார்டும் சிவந்தது.

“வந்துது, போயிடுத்து. என்னடா கண்ணாமூச்சி விளையாடறே?” போனில் அவள் குரல் இப்போது கோபமாக இல்லை, அழுகைக்கு அருகில் இருந்தது. “இந்த ஒண்ணுக்காக மூணு மாசம் காத்துண்டிருக்கேன், அபி.”

நாவல்களில் தோற்ற தளபதிகள் தனியே பனிவெளிக்குள் நடந்து மறைவார்கள். இங்கே நடந்தால் மீன் சந்தைதான் வரும். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்க, துடைப்பதற்காகக் குனிந்து, கண்ணை மூடியபடியே கோட்டையின் அடியில் தொங்கிய தோர்த்துத் துண்டை இழுத்தான்.

கோட்டை பெருமூச்சு விட்டது. விசிறிகள், கார்மேகம் உறுமுவதுபோல் உறுமி, அனல் காற்றை வெளியே தள்ளின. அபிராம் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். காலையில் தும்மல் தாளாதபோது, பாவம், இந்த இரும்புக்கும் சுக்குத் தூள் மூக்கில் ஏறுமே என்று இரங்கி, காற்று புகும் வாயை மறைத்து அந்தத் துண்டை இறுக்கிக் கட்டியவன் வேறு யாருமல்ல, அவனேதான். முல்லைக்குத் தேர் ஈந்த மரபில், விசிறிக்குத் துண்டு ஈந்த வள்ளல்! கார்டுகள் துரோகிகள் அல்ல. வெந்துபோய் மயங்கி விழுந்தவர்கள்.

பழியை ஆராய நேரமில்லை. தடித்த நாவலை இரு கைகளாலும் பற்றி வீசத் தொடங்கினான். எழுநூறு பக்கப் பனியும் அவன் கைகளில் காற்றாகி, சேஸிஸின் வெந்த மேனிமேல் இறங்கியது. நாலு அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் முதல் விளக்கு பச்சையானது, பிறகு அடுத்தது. இந்த முறை பச்சை நிலைத்தது.

“வந்துடுத்து. பேசாதே, போனை வை!” என்றாள் ஜெயலக்ஷ்மி. எந்த வெற்றிமாலையும் அவனுக்கு இத்தனை இனித்திருக்காது.

சாயங்காலம் அவளே படியேறி வந்தாள், கையில் ஒரு பொட்டலம் பழம்பொரியும் முகமெல்லாம் சிரிப்புமாக.

“கிடைச்சுடுத்துடா! திங்கட்கிழமை சேரணும். ஆமா, அப்படி என்னதான் ஆச்சு இங்க?”

“சூழ்ச்சி, அக்கா. கோட்டைக்கு உள்ளிருந்தே நடந்த சூழ்ச்சி.” அவன் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒரு குலத்தைக் காத்தவனின் கம்பீரத்தோடு நிமிர்ந்தான். “என்ன வேலை, அக்கா?”

மட்டாஞ்சேரியில் இன்னும் பழைய டெலிபோன் செம்புக் கம்பியில் நெட் வைத்திருக்கும் வீடுகளுக்குப் போய், ஃபைபர் கனெக்‌ஷனுக்கு மாறச் சொல்கிற வேலை.