அருவிப் படத்தை எடுத்துவிட்டோம், மச்சான்

அன்பு மச்சானுக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. நீயும் வீட்டில் உள்ளவர்களும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் அக்காவின் இடது முழங்கால் நீங்கலாக. அது மட்டும் யார் பேச்சும் கேட்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுவில் "ஏன் மாமா?" என்று கேட்பாய், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

விஷயம், நம் பட்டன் கடைக்கு நீ செய்து கொடுத்த வெப்சைட். நீ அதைத் திறந்து காட்டிய அன்று நான் அசந்து போனது நிஜம். திரையில் இரண்டு மரக்கதவுகள் மெல்லத் திறக்க, உள்ளேயிருந்து புல்லாங்குழல் கேட்க, மவுஸை நகர்த்தினால் அதன் பின்னாலேயே நட்சத்திரங்கள் உதிர, ஊதா நிறத்தின்மேல் சிவப்பு எழுத்தில் "வருக வருக" ஓட, எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அருவி கொட்ட, என் கடைக்குள் நானே தலையை வாரிக்கொண்டு நுழைந்தேன். பட்டன் கடைக்கு அருவி எதற்கு என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஆனால் மச்சான், கதவு திறந்ததே தவிர ஆள் வரவில்லை. வந்தது ஒரே ஒரு போன். "சார், ஆபீஸ்ல உட்கார்ந்து உங்க கடையைத் திறந்துட்டேன். இந்தப் புல்லாங்குழலை எங்கே நிறுத்தறது? மேனேஜர் பார்க்கிறாரு" என்றார் ஒருவர். எனக்கும் தெரியவில்லை. அது தானாக முடியும்வரை இருவரும் லைனில் காத்திருந்தோம். இன்னொரு பக்கம், தெருவில் இருந்த தையல்காரர்கள் ஒவ்வொருவராக ரெடிமேட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்விட்டதில் கடை வாசலும் வெறிச்சோடிவிட்டது. கடையை மூடிவிட்டு அந்த அறையை வாடகைக்கு விடலாமா என்று உன் அக்காவும் நானும் பேசத் தொடங்கியிருந்தோம். உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை.

இப்படி இருக்கையில்தான் மருமகள் லீவுக்கு வந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரிகளில் வழிகாட்டிப் பலகை வைக்கும் கம்பெனியில் வேலை என்பது உனக்குத் தெரியும். எக்ஸ்ரே எந்தப் பக்கம், மருந்து எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடுகிற வேலை. அம்புக்குறி போட ஒரு படிப்பா என்று நான் கல்யாணத்துக்கு முன்பு உன்னிடம் சிரித்தது ஞாபகம் இருந்தால் தயவுசெய்து மறந்துவிடு. அவள் நம் வெப்சைட்டைப் பார்த்தாள். உன் அக்காவைக் கூப்பிட்டுக் கல்லாவுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, "அத்தை, வெள்ளைச் சட்டை பட்டன் ஆறு வாங்குங்க. மாமா, நீங்க பக்கத்துல நிக்கலாம், ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றாள்.

அந்தக் கொஞ்ச நேரம் நான் பட்ட பாட்டை யாரிடம் சொல்வேன். கதவு திறந்தது. உன் அக்கா கையைக் கட்டிக்கொண்டு, யாராவது வந்து "என்ன வேணும்" என்று கேட்பார்கள் என மரியாதையாகக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை. பிறகு "வாங்குவதற்குப் பட்டனை அழுத்தவும்" என்று எழுதியிருந்ததைப் பார்த்து முகம் மலர்ந்து, திரையில் இருந்த வெள்ளைப் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. நீலப் பட்டனை அழுத்தினாள். கோட்டுப் பட்டனை அழுத்தினாள். மச்சான், நம் கடை பட்டன் கடை. அந்தப் பக்கத்தில் எதைத் தொட்டாலும் பட்டன். அழுத்த வேண்டிய பட்டன் எது என்று கடை முதலாளியான எனக்கே அந்த நிமிஷம் மறந்துவிட்டது. கடைசியில் அவள் அருவியை அழுத்திவிட்டு, "எனக்குப் புத்தி பத்தலைம்மா" என்று எழுந்தாள்.

மருமகள் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "அத்தை, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க வழி தெரியாம நின்னா அது அவங்க தப்பில்ல, பலகையோட தப்பு. உங்களுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. இந்தப் பக்கத்துக்குத்தான் இல்ல." இத்தனை வருஷத்தில் ரிமோட்டிலிருந்து வாஷிங் மெஷின் வரை எது சரியாக ஓடாவிட்டாலும் தன்னையே நொந்துகொள்கிறவளை ஒருத்தி இப்படிச் சொல்லி நிமிர்த்தியதைப் பார்த்து நான் வாயடைத்து நின்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவு அப்போதும் அமலில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நீ மனதைத் திடப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டும். கதவு போயிற்று. குழல் போயிற்று. நட்சத்திரம், ஊதா, ஓடுகிற எழுத்து எல்லாம் போயிற்று. அருவிக்காக நான் கொஞ்சம் வாதாடினேன். "வயித்து வலியோட வர்றவருக்கு முதல்ல டாக்டர் ரூம் தெரியணும் மாமா, இயற்கைக் காட்சி அப்புறம்" என்றாள். மிஞ்சியது வெள்ளைப் பக்கம். மேலே கடைப் பெயர், எந்த நேரம் திறந்திருக்கும், போன் நம்பர். கீழே பட்டன்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் "இது வேண்டும்" என்று ஒரு பச்சைக் கட்டம். இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, எதையாவது போடலாமே என்றேன். "கடையில ஆள் நடக்கிற இடத்துல மூட்டையை அடுக்குவீங்களா?" என்றாள். அடுக்கித்தான் வைத்திருந்தேன். அன்று மாலையே எடுத்துவிட்டேன்.

படமும் புதிதாக எடுத்தோம். ஜன்னலோரம் சாம்பல் நிறத் துணியை விரித்து, அளவு தெரிய உன் அக்காவின் விரலைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றாக. சிப்பிப் பட்டனைச் சாய்த்துப் பிடித்தபோது அதற்குள்ளே பச்சையும் ரோஜா நிறமும் நகர்ந்து போவதைப் பார்த்தேன். கிலோக் கணக்கில் விற்ற சரக்கு மச்சான். அதற்குள் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது.

பக்கம் போட்ட அந்த வாரமே ஓர் அம்மாள் போன் செய்தார். "ஐயா, உங்க கடைக்குள்ள வந்தேன். பாட்டு, கூத்து ஒண்ணும் இல்லாம நிம்மதியா இருக்கு. ஆனா எந்தப் பக்கம் போனாலும் 'படம், படம், படம்'னுதான் சொல்லுது" என்றார். எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார், தனக்குக் கண் தெரியாது, தையல் தொழில், திரையில் உள்ளதை அவருடைய போன் வாசித்துக் காட்டும், படம் வந்தால் அதற்கு நாம் எழுதிவைத்த விவரத்தைப் படிக்கும் என்று. நாம்தான் ஒன்றும் எழுதவில்லையே. மருமகள் நெற்றியில் தட்டிக்கொண்டாள். "இது என் தப்பு மாமா. விவரத்தை நீங்களே எழுதுங்க, சரக்கு தெரிஞ்சவர் நீங்கதான்" என்றாள்.

பெருமையாக உட்கார்ந்து "அழகான பட்டன்" என்று எழுதினேன். அடுத்ததற்கு "மிக அழகான பட்டன்". மருமகள் எட்டிப்பார்த்து, "அழகு விரலுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பட்டனை எடுத்தேன். வெட்கமாக இருந்தது, கடை வாசலில் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு கண்ணைத் திறந்தேன், மூடினேன். உலோகப் பட்டன் முதலில் சில்லென்று இருந்து பிறகு விரலின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மரப் பட்டன் அப்படியில்லை, எடுத்தபோதே நம் சூட்டில் இருக்கிறது. தோல் முடிச்சுப் பட்டன் உலர்ந்த திராட்சை. சிப்பிப் பட்டனின் முதுகு சொரசொரப்பு, முகம் வழவழப்பு. "நான்கு துளை, நடுவில் சின்னக் குழி, ஓரம் நகம் போல வளைந்தது" என்று எழுதினேன். எழுத எழுத எனக்கே புல்லரித்தது. கடை முழுக்க இவ்வளவு பேசுகிற சாமான்களை வைத்துக்கொண்டு, எடை மட்டும் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அம்மாள் மறுபடி வந்தார், போனில் அல்ல, வெப்சைட்டில். மரப் பட்டன் கொஞ்சம், சிப்பிப் பட்டன் கொஞ்சம் ஆர்டர். பார்சல் கிடைத்ததும் கூப்பிட்டார். தன்னைப் போலவே கண் தெரியாத ஒரு தோழிக்குக் கோட்டு தைக்கிறாராம். மேலே இருப்பதெல்லாம் மரம், கீழே இருப்பதெல்லாம் சிப்பி. தொட்டாலே எது எங்கே என்று தெரியும், மேல் பட்டனைக் கீழே மாற்றிப் பூட்டிவிட மாட்டார். "நீங்க எழுதினதைக் கேட்டுத்தான் எடுத்தேன். விரல்ல அப்படியே இருக்கு. எப்பவும் கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போய், அவங்க நல்லாருக்குன்னு சொல்றதை வாங்கிட்டு வருவேன். இன்னிக்குத்தான் கடையை நானே பார்த்தேன் ஐயா" என்றார். அவர் போனை வைத்த பிறகும் நான் ரிசீவரைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தேன். உன் அக்கா வந்து, "யாருக்காவது ஒண்ணுன்னா சொல்லிடுங்க" என்றாள். நல்ல சேதிதான் என்று கையாட்டிக் காட்டினேன்.

அவர் சொல்லி அவருக்குத் தெரிந்தவர்கள் வருகிறார்கள். வீட்டில் தைப்பவர்கள், பொம்மைக்குக் கண் வைப்பவர்கள் என்று முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கேட்கிறார்கள். அறையை வாடகைக்கு விடுகிற பேச்சு நின்றுவிட்டது. உன் அக்கா மட்டும் அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதில்லை, ஒரு தடவை பட்டது போதுமாம், மாடியில் தன் போனோடு உட்கார்ந்துவிடுகிறாள்.

மச்சான், நீ ஆசையாகச் செய்ததைக் கலைத்துவிட்டோம். வருத்தப்படாதே. நீ கதவைத் திறந்துவைக்காவிட்டால் மருமகளுக்குப் பிய்த்துப்போட ஒன்றுமே இருந்திருக்காது. அவளே அப்படித்தான் சொன்னாள், நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். நான் ஒருவழியாகக் கண் திறந்தவன் ஆகிவிட்டேன். இனி என் பார்வைக்கு ஒரு பட்டன்கூடத் தப்பாது. நீயும் உன் பிள்ளைகளும் நீடூழி வாழ வேண்டும், உன் தொழில் தழைக்க வேண்டும், உன் முழங்கால் உன் சொற்படி நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கம்ப்யூட்டர் மணி அடித்தது. புது ஆர்டர். வெள்ளைச் சட்டைப் பட்டன், நான்கு துளை, ஒன்று. அனுப்ப வேண்டிய விலாசம், நம் வீட்டு மாடி. குறிப்புக் கட்டத்தில், "வீட்டுக்காரர் சட்டையில் மூணாவது பட்டன் இல்லை. கடைக்காரரிடம் நேரில் பல தடவை சொல்லியாச்சு, காதில் வாங்கவில்லை. இந்தப் பக்கம் சுலபமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறது. குனிந்து பார்த்தேன். இல்லைதான். "நன்றி, உங்கள் பட்டன் இன்றே புறப்படும்" என்று பதில் தானாகவே போய்விட்டது, அதை நிறுத்த எனக்குத் தெரியாது. பட்டனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறேன்.