சிங்கத்துக்கு முடி வெட்டிய கரடி

முடி வெட்டிக்கொள்ள யாருக்கும் வழியில்லாமல் இருந்த ஒரு காட்டில், சடையாண்டி என்ற கரடி சலூன் திறந்தது. கை சுத்தம், பேச்சு குறைவு. தொழில் நன்றாக நடந்தது.

ஒருநாள் சிங்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

"வெயில் தாங்கவில்லை. பிடரி முடியை ஒட்ட வெட்டிவிடு."

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் ஐயா."

"வெட்டு என்றேன்."

கரடி வெட்டியது.

அடுத்த வாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. முடி போனதிலிருந்து தன்னைக் கண்டு ஒருவரும் பயப்படுவதில்லை, மான்கள் "என்ன தம்பி, இந்தப் பக்கம் புதுசா?" என்று விசாரிக்கின்றன, ஆகவே மானநஷ்டஈடு வேண்டும் என்று சிங்கம் கேட்டிருந்தது.

கரடிக்குச் சோறு இறங்கவில்லை. ஓடிப்போய்க் கீரி வக்கீலைப் பிடித்தது.

கீரி நீதிமன்றத்தில் எழுந்தது. "கனம் நீதிபதி அவர்களே, மான்கள் பயந்து ஓடாததால் சிங்கம் உட்கார்ந்த இடத்திலேயே மூன்று மான்களைப் பிடித்திருக்கிறது. என் கட்சிக்காரர் முடி வெட்டியதால் அதற்கு லாபமே தவிர நஷ்டமில்லை."

நீதிபதி யானை அதை அப்படியே தீர்ப்பில் எழுதி, வழக்கைத் தள்ளுபடி செய்தது. கரடி காடு முழுக்கத் தேன்மிட்டாய் கொடுத்தது.

பத்தாம் நாள் இன்னொரு நோட்டீஸ். அனுப்பியது பூங்கோதை என்ற மான். செத்துப்போன மூன்றில் ஒன்று அதன் கணவன். கரடி முடி வெட்டியதால்தான் சிங்கத்தை அடையாளம் தெரியவில்லை, போன தீர்ப்பிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தது.

மானுக்காக ஆஜரானது அதே கீரி.

"நீங்கள் என் வக்கீல் அல்லவா?" என்றது கரடி.

"அதனால்தான் உங்கள் விஷயம் எனக்கு அத்துப்படி."

"தின்றது சிங்கம்தானே? அதன்மேல் ஏன் வழக்குப் போடவில்லை?"

"போட்டோமே. சம்மன் கொடுக்கப் போன முயல் இன்னும் திரும்பவில்லை."

சலூனை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சீல் வைக்கும்போது கரடி கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. வாசலில் பூங்கோதை கீரியோடு நின்றிருந்தது.

"உன் வீட்டுக்காரருக்கும் நான்தான் அம்மா வெட்டுவேன். தலையை ஆட்டாமல் உட்காருவார்" என்றது கரடி.

பூங்கோதை கண்ணைத் துடைத்துக்கொண்டது. பிறகு கீரியிடம் கேட்டது: "இனிமேல் சிங்கம் எங்களைப் பிடிக்காது, இல்லையா?"

"அது வேறு வழக்கு அம்மா" என்றது கீரி.

நீதி: தின்றவனைத் தேடிக் காடெல்லாம் அலையாதே. கடை வைத்திருப்பவனைப் பிடி. காலை ஒன்பது மணிக்கெல்லாம் அவன் கடையில் இருப்பான்.